மலைக்குக் கட்டிய வண்டி

மோகன்ராஜ் சில மாதங்களாகவே பட்டறைக்குப் பின்வாசல் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தான். முன்வாசலில் நுழைந்தால் அந்த வண்டி கண்ணில் படும். பட்டதும் உடம்பில் இருக்கிற கொஞ்சநஞ்சத் தெம்பும் இறங்கிப் போய்விடும். வெள்ளகோவிலில் மூலனூர் சாலையை ஒட்டி இருபத்திரண்டு வருடமாக லாரிகளுக்குப் பாடி கட்டுகிறவன் அவன். கோழித்தீவன லாரி, தேங்காய் லாரி, நூல் மூட்டை ஏற்றுகிற வண்டி எது வந்தாலும் முப்பது நாள், மிஞ்சினால் நாற்பது நாள். கட்டி, பெயிண்ட் அடித்து அனுப்பிவிடுவான். இந்த ஒன்று மட்டும் வந்து பதினேழு மாதமாகியும் போகவில்லை.

வண்டி மகுடேஸ்வரனுடையது. அருள்புரத்தில் முப்பத்திரண்டு வருடம் பனியன் கம்பெனி நடத்தியவர். அறுபத்தொரு வயதில் கம்பெனியைத் தம்பி மகன்கள் கையில் விட்டுவிட்டு, ராணுவ ஏலத்தில் ஒரு பழைய லாரியை எடுத்துக்கொண்டு வந்து மோகன்ராஜின் முன்னால் நிறுத்தினார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. மணல், சேறு, ஆற்றுப்படுகை என்று எதில் விட்டாலும் ஏறிப் போகும். அதன் மேல் ஒரு வீடு கட்டித் தர வேண்டும் என்றார்.

"ஏனுங்கண்ணா, கேரவனுங்களா?" என்று கேட்டான் மோகன்ராஜ்.

"அது தார் ரோட்டுல நிக்கறதுக்குங்க மோகனு. இது ரோடு முடிஞ்சதுக்கு அப்பறம் போறதுக்கு."

ஒரு தடவை பனியன் வாங்குகிற பையரைப் பார்க்க ஜெர்மனி போனபோது, ஊருக்கு வெளியே ஆற்றோரம் இப்படி ஒரு லாரி நின்றதாம். வயசான புருசனும் பெண்டாட்டியும் அதிலிருந்து இறங்கி, ஆளுக்கொரு மடக்கு நாற்காலியைப் போட்டு, காப்பி குடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்களாம். பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு மீட்டிங்குக்கு ஓடினேன் என்றார் மகுடேஸ்வரன்.

"ஷிப்மென்ட் தேதியத் தவர வேற ஒண்ணையும் பாக்காமப் பொழுது போயிருச்சுங்க. எம்பட ஊட்டுக்காரி அமராவதி கல்யாணமான புதுசுல, தச்ச பீஸுல ஓட்ட இருக்குதான்னு பாக்கற செக்கிங் டேபிள்ல நின்னவ. பழனி, திருப்பதி தவர அவளும் ஒரு பக்கம் போனதில்ல. இமாச்சலத்துல ஸ்பிட்டின்னு ஒரு பள்ளத்தாக்கு இருக்குதாம். அங்க போயி ஒரு மாசம் சும்மா கெடக்கோணும். அவ்வளவுதான்."

மோகன்ராஜுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. ஒத்துக்கொண்டான். சும்மா கிடக்க ஆசைப்படுகிற மனிதர் அடுத்தவனை இத்தனை ஓட விடுவார் என்று அப்போது தெரியவில்லை.

முதலில் இரண்டு கட்டில் என்றார். பிறகு ஒரே பெரிய கட்டில். தண்ணீர்த் தொட்டி இருநூறு லிட்டர் என்றது நானூறானது. கூரையில் சோலார் பலகை பொருத்தி முடித்த பிறகு அதே இடத்தில் ஏறி உட்கார ஏணி வேண்டும் என்றார். சுவருக்குள் குளிர் தாங்குகிற பஞ்சுப் பலகை வைத்து மூடியாயிற்று; ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டு வந்து அதைப் பிரித்து இன்னும் ஓர் அடுக்கு வைக்கச் சொன்னார். ஒவ்வொரு முறையும் குரலை உயர்த்தாமல், "கோவிச்சுக்காதீங்க மோகனு" என்றுதான் ஆரம்பிப்பார். கோபித்துக்கொள்ளக்கூட முடியாது. இரண்டு வெல்டர்கள் சலித்துப்போய், போர்வெல் வண்டி கட்டுகிற வேலைக்குத் திருச்செங்கோடு போய்விட்டார்கள். மிஞ்சியது அய்யாசாமி மட்டும். மோகன்ராஜைவிடப் பத்து வயது மூத்தவர். காது கொஞ்சம் மந்தம், கை சுத்தம்.

மே மாதம் இரண்டாவது வாரம் வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். காங்கயம் போகிற வழியில் உள்ளே தள்ளி ஒரு கைவிட்ட கல்குவாரி இருக்கிறது. அய்யாசாமி ஓட்ட, மோகன்ராஜ் நடந்துகொண்டே பார்த்தான். முன் இடது சக்கரம் ஒரு பாறைமேல் ஏறியது. பின் வலது சக்கரம் இன்னொரு பாறைமேல் ஏறியது. எஞ்சின் திணறவில்லை. ஆனால் மேலே உட்கார்ந்திருந்த வீட்டுக்குள்ளிருந்து பலகை நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. மோகன்ராஜ் ஓடிப்போய்ப் பக்கவாட்டுக் கதவை இழுத்தான். வரவில்லை. வண்டி சமதளத்துக்கு வந்த பிறகு ஒன்றும் நடக்காதது போலத் திறந்தது.

பட்டறைக்குக் கொண்டுவந்து, கதவின் மேல் மூலையில் பெயிண்டைத் தேய்த்துப் பார்த்தான். வெல்டிங்கில் விரல் நீளத்துக்கு மயிரிழை போல ஒரு விரிசல்.

காரணம் அவனுக்கு உடனே தெரிந்தது. இந்த மாதிரி வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் கரடுமுரடான இடத்தில் துணி பிழிகிற மாதிரி முறுக்கிக்கொள்ளும். அது முறுக்கட்டும் என்று விட்டுவிட்டு, மேலே இருக்கிற வீட்டை மூன்றே இடத்தில் உட்கார வைக்க வேண்டும். பின்னால் இரண்டு பக்கமும் பிடிமானம், முன்னால் நடுவில் அசைந்துகொடுக்கிற ஒரு மூட்டு. அப்படிச் செய்வதாகத்தான் இருந்தான். மூன்றாவது மாதத்தில் மூட்டு செய்து தர வேண்டிய லேத்காரர் இழுத்தடித்தார். மறுநாள் காலை மகுடேஸ்வரன் சொந்தக்காரர்களோடு பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டார். அப்போதைக்கு இருக்கட்டும் என்று, சாதாரண லோடு லாரிக்குப் போடுகிற மாதிரி பன்னிரண்டு யு-போல்ட்டைப் போட்டு வீட்டைச் சேசிஸோடு இறுக்கிவிட்டான்; இனிச் சேசிஸ் முறுக்கினால் வீடும் முறுக்கும், கதவும் மாட்டிக்கொள்ளும். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தான். அதற்கு மேல் தரை வந்தது, தொட்டி வந்தது, அலமாரி வந்தது. மாற்றவேயில்லை. ஒருநாள் அய்யாசாமி கேட்டார். பார்த்துக்கலாம் என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. மறந்துவிட்டான் என்று சொல்ல முடியாது. ஞாபகம் வந்தபோதெல்லாம் வேறு எதையாவது கையில் எடுத்துக்கொண்டான்.

"என்ன பண்றது மோகனு?" என்றார் அய்யாசாமி.

சரிசெய்ய வேண்டுமென்றால் உள்ளே இருக்கிற அத்தனையையும் பிரித்து, வீட்டைக் கிரேன் வைத்துத் தூக்க வேண்டும். மூன்று மாதம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்குப் பூசை. ஜூன் பத்தாம் தேதி அவர்கள் கிளம்புகிறார்கள்.

மோகன்ராஜ் ஓர் எண்ணெய் டின்மேல் உட்கார்ந்தான். கழுத்திலிருந்து வலது முழங்கை வரை நரம்பு இழுத்தது.

"வெல்டு வெச்சுத் தேச்சுப்போடுங்க. பட்டி பாத்துப் பெயிண்ட் அடிச்சரலாம்" என்றான் கடைசியில்.

அய்யாசாமி அவன் முகத்தைப் பார்த்தார். கேட்கவில்லையோ என்று மோகன்ராஜ் இன்னொரு முறை சொன்னான். "கேட்டுது" என்று சொல்லிவிட்டு அவர் கிரைண்டரை எடுத்தார்.

அடுத்த நாலு நாளும் மோகன்ராஜ் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த வயசில் பாறைமேல் ஏற்றவா போகிறார்? ரோட்டோடு போய் ரோட்டோடு திரும்பி வருவார். வீட்டில் பூங்குழலி, "ஏனுங்க, சோத்த வெச்சுட்டு எதையோ பாத்துட்டு உக்காந்திருக்கறீங்க" என்று கேட்டாள். வெயில் என்றான்.

பூசை அருள்புரத்துக்குப் பக்கத்தில் மகுடேஸ்வரனின் தோட்டத்து வீட்டில் நடந்தது. நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். சாம்பல் நிறத்தில், ஓர் ஆளின் நெஞ்சு உயரத்தில் தரை வைத்து, யானை மாதிரி நின்ற வண்டியை ஆளாளுக்குப் படம் எடுத்தார்கள். மாலை போட்டார்கள், தேங்காய் உடைத்தார்கள். மோகன்ராஜின் தோளிலும் ஒரு பச்சைத் துண்டைப் போர்த்தினார் மகுடேஸ்வரன். "இவரு இல்லீன்னா இது இல்லீங்க" என்று எல்லோரிடமும் சொன்னார். துண்டு கழுத்தில் கனத்தது. அதை எடுத்து மடித்து எங்கே வைப்பது என்று தெரியாமல் மோகன்ராஜ் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

பந்தி நடந்துகொண்டிருந்தது. காலை நாலு மணியிலிருந்து நின்றுகொண்டே இருந்த அமராவதி, யாருக்கும் தெரியாமல் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் படுத்தாள். அறுபதை நெருங்கிய உடம்பு. படுத்ததும் கண் அயர்ந்துவிட்டது. அந்த நேரத்தில் யாரோ கார் எடுக்க வழி வேண்டும் என்று கேட்க, அய்யாசாமி வண்டியைப் பின்னால் எடுத்து ஒதுக்கி நிறுத்திவிட்டு, இன்னும் யாராவது வழி கேட்பார்கள் என்று கேபினிலேயே இருந்தார். பின் சக்கரம் ஒன்று அங்கே கொட்டிக் கிடந்த செங்கல் மேட்டில் ஏறி நின்றது. உள்ளே ஆள் இருப்பது அவருக்குத் தெரியாது.

மோகன்ராஜ் இலையில் உட்கார்ந்து ரசத்துக்குக் கை குவித்தபோது தட்டுகிற சத்தம் கேட்டது. முதலில் மெதுவாக, பிறகு இரண்டு கையாலும்.

"அமராவதி உள்ள இருக்கறாளா?" என்று யாரோ கத்தினார்கள். மகுடேஸ்வரன் ஓடிப்போய்க் கைப்பிடியை இழுத்தார். இரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள். கதவு அசையவில்லை. ஜன்னல்களெல்லாம் குளிருக்காக இரட்டைக் கண்ணாடி போட்டவை, திறக்க முடியாதவை. கூரை விசிறிக்கு இன்னும் கரண்டு கொடுக்கவில்லை. மே மாதத்து உச்சி வெயில் தகரத்தின்மேல் விழுந்துகொண்டிருந்தது. உள்ளிருந்து, "ஏனுங்க, மூச்சு முட்டுதுங்க" என்று அமராவதியின் குரல் வந்தது. ஒருவர் கடப்பாரை எடுத்து வர ஓடினார்.

மோகன்ராஜ் கை கழுவாமல் ஓடிவந்தான். கதவைப் பார்க்கவில்லை. குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். செங்கல் மேடு தெரிந்தது.

"அய்யாசாமியண்ணா! வண்டிய முன்னால எடுங்க! ரெண்டடி முன்னால எடுங்க!"

"உள்ள ஆள் இருக்குது, வண்டிய எங்கய்யா எடுக்கறது?" என்று ஒரு பெரியவர் சத்தம் போட்டார். மோகன்ராஜ் காதில் வாங்கவில்லை. கேபின் கதவில் அடித்து மறுபடியும் கத்தினான். வண்டி உறுமி, செங்கல் மேட்டிலிருந்து இறங்கியது. கதவு டக்கென்று ஓர் ஓசை எழுப்பிவிட்டு, இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கையோடு வந்தது.

அமராவதி இறங்கினாள். பட்டுச் சேலை முதுகோடு ஒட்டியிருந்தது. முகம் வெளுத்திருந்தது. பெண்கள் பிடித்துக்கொண்டு போய் வேப்பமர நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

மகுடேஸ்வரன் கைப்பிடியை இன்னும் விடவில்லை. திறந்த கதவைப் பார்த்தார், செங்கல் மேட்டைப் பார்த்தார், பிறகு மோகன்ராஜைப் பார்த்தார்.

"மோகனு, கதவு மாட்டிக்கிட்டா பூட்டப் பாப்பாங்க. கம்பி எடுத்து நெம்புவாங்க. நீங்க சக்கரத்தப் பாத்தீங்க."

"ஆமாங்கண்ணா."

"முன்னாலயே தெரியுங்களா?"

பூட்டில் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் சுற்றி நின்றவர்கள் நம்பியிருப்பார்கள். மோகன்ராஜின் விரலில் சோற்றுப் பருக்கை காய்ந்துகொண்டிருந்தது.

"நாலு நாளாத் தெரியுங்க" என்றான்.

மகுடேஸ்வரன் திட்டவில்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும் போகிற வரை பொறுத்திருந்து, வேப்பமரத்தடியில் அமராவதிக்குப் பக்கத்தில் அவனை உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டார். யு-போல்ட், லேத்காரர், மேலே போட்ட தரை, விரிசல், பட்டி என்று மோகன்ராஜ் ஒன்று விடாமல் சொன்னான்.

"அங்க போயி இப்படி மாட்டியிருந்தா?" என்று கேட்டார் மகுடேஸ்வரன்.

அமராவதிதான் பேசினாள். "ஏன் தம்பி சொல்லல?"

"சலிச்சுப் போச்சுங்கக்கா. எப்படியாச்சும் இது பட்டறைய விட்டுப் போனாப் போதும்னு இருந்துச்சுங்க. வேற ஒண்ணும் இல்லீங்க."

அவள் தலையை ஆட்டினாள். "அந்தச் சலிப்பு எனக்குந் தெரியுந் தம்பி. செக்கிங் டேபிள்ல நிக்கைல, ஓட்ட இருக்குதுன்னு தெரிஞ்சே ரெண்டு பீஸ நானும் கட்டுக்குள்ள தள்ளியுட்டிருக்கறன்." கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். "ஆனா, இதுல உள்ள நான் இருந்தன்."

மோகன்ராஜ் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். பச்சைத் துண்டு மடியில் கிடந்தது.

"வேற பட்டறைக்குக் கொண்டு போலாம்" என்றார் மகுடேஸ்வரன். "ஆனா இன்னொருத்தருக்கு மொதல்ல இருந்து எல்லாஞ் சொல்றதுக்கு எனக்குத் தெம்பில்லீங்க. நீங்களே பிரிச்சுச் சரிபண்ணுங்க. எங்க கம்பெனில மோட்டார் பாக்கற தங்கவேலு வந்து பக்கத்துல நிப்பான். அவன் சரின்னு சொன்னாத்தான் ஒரு போல்ட்டு பூட்டோணும்." குரல் எப்போதும் போலத் தணிவாகத்தான் இருந்தது. 'கோவிச்சுக்காதீங்க' மட்டும் இல்லை.

அன்று வீட்டுக்கு வந்து பூங்குழலியிடம் சொன்னான். அவள் கேட்டுவிட்டு, "நாலு நாளா எங்கிட்டயுஞ் சொல்லலீங்களே" என்றாள்.

தங்கவேலு மறுநாளே வந்தான். மகுடேஸ்வரனின் கம்பெனியில் இருபத்தைந்து வருடம் பாய்லரும் மோட்டாரும் பார்த்தவன். பேச்சு குறைவு. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வண்டிக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டான். மோகன்ராஜ் எதை முடித்தாலும் எழுந்து வந்து, குனிந்து, டார்ச் அடித்துப் பார்ப்பான். ஒரு நாள் பூட்டிய நட்டைக் கழற்றச் சொல்லி உள்ளே மரை தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவினான். இருபத்திரண்டு வருடத்தில் மோகன்ராஜின் வேலையை யாரும் அப்படித் தடவிப் பார்த்ததில்லை. காது மடல் சூடேறியது. கழற்றிக் காட்டினான்.

கட்டில், அடுப்பு, அலமாரி, தொட்டி, தரை எல்லாம் வெளியே வந்தன. ஆசை ஆசையாகச் சேர்த்த பொருள்கள் பட்டறை முழுக்கச் சிதறிக் கிடந்தன. அமராவதி ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, "இவ்வளவும் எதுக்கு? வாசிங் மெசினும் அந்தப் பெரிய பிரிஜ்ஜும் வேண்டாந் தம்பி, கனம்தான்" என்று சொல்லி அவற்றை வீட்டுக்கு அனுப்பினாள். ஜூன் கடைசியில் கிரேன் வந்து வீட்டைத் தூக்கியது. அடியில் பன்னிரண்டு யு-போல்ட்டும் கறுப்புப் பெயிண்டு அடித்து வரிசையாக இருந்தன. மோகன்ராஜ் ஒவ்வொன்றாக கேஸ் வைத்து அறுத்தான். அய்யாசாமி பக்கத்தில் நின்று விழுந்ததையெல்லாம் பொறுக்கிப் பழைய இரும்பில் போட்டார். அன்றைக்கே கேட்டேனே என்று நியாயமாக அவர் சொல்லியிருக்கலாம்; சொல்லவில்லை.

முன் மூட்டு செய்யத் திருப்பூருக்கே போய், நல்லூரில் ஒரு லேத்தில் கூடவே நின்று கடைந்து வாங்கி வந்தான். முதலாவது சரியில்லை என்று தங்கவேலு தள்ளிவிட்டான். இரண்டாவதைக் கையில் வாங்கி எடை பார்த்து, "இது ஆகட்டும்" என்றான். ஜூலை முழுக்க ஓயாமல் வேலை. ஆனால் ஒரு விசித்திரம் நடந்தது. தப்பு இருந்தால் கண்டுபிடிக்க இன்னொருவன் உட்கார்ந்திருக்கிறான் என்பதாலோ என்னவோ, மோகன்ராஜின் தலையிலிருந்து ஏதோ இறங்கியிருந்தது. உடம்பு முன்னைவிட ஓய்ந்துபோயிருந்தது. ஆனாலும் தட்டில் வைத்த சோற்றை முழுசாகச் சாப்பிட்டான்.

ஆகஸ்டில் மறுபடியும் அதே குவாரி. மூலைக்கு மூலை சக்கரம் பாறைமேல் ஏறி நின்றபோது, கீழே சேசிஸ் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு போக, மேலே வீடு அது பாட்டுக்கு நின்றது. தங்கவேலு ஏறி, கதவைத் திறந்து மூடினான். வேறு பாறை. மறுபடி திறந்து மூடினான். பதினோரு இடத்தில் அப்படிச் செய்துவிட்டு இறங்கி வந்து, செல்போனை எடுத்து, "சரியா இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னான்.

செப்டம்பர் முதல் வாரத்தில் மகுடேஸ்வரன் வந்து வண்டியை எடுத்துக்கொண்டார். அக்டோபர் பாதிக்கு மேல் பனி விழுந்து பாதை அடைத்துவிடும்; அதற்குள் போய்த் திரும்ப வேண்டும். கம்பெனியில் இனித் தேவைப்படாத தங்கவேலுவும் கூடப் போகிறான். மோகன்ராஜ் ஸ்விட்சுகளையும் குழாய்களையும் ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கினான். மகுடேஸ்வரன் கவனமாகக் கேட்டுக்கொண்டார். "வர்றனுங்க" என்றார். அதற்கு மேல் ஏதாவது சொல்வாரா என்று மோகன்ராஜ் கேட் வரை கூடவே நடந்தான். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வண்டியை எடுத்தார். அமராவதி மட்டும் கேபின் ஜன்னலிலிருந்து கையை அசைத்தாள்.

இருபது நாள் ஒரு தகவலும் இல்லை. மோகன்ராஜ் பல்லடத்துக்காரர் ஒருவருடைய தீவன லாரிக்குப் பக்கப் பலகை அடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அமராவதி. குரல் விட்டுவிட்டுக் கேட்டது.

"தம்பி, நல்லா இருக்கறீங்களா? நாங்க ஒரு ஆத்தோரமா நிக்கறம். இவருக்கு மேல ஏற ஏற மூச்சு வாங்குது, அதனால உச்சியில இருக்கற ஏரிக்குப் போகல, பாதியில எறங்கிட்டம். எனக்கு அதுல வருத்தமில்ல, உக்காந்து மலையப் பாத்துட்டுத்தான் இருக்கறன். ஒரே ஒரு தொந்தரவு, பொழுதானா கொழாயில தண்ணி கட்டியாயிருது. காத்தால ஒம்பது மணி வரைக்கும் சொட்டு வர்றதில்ல. என்ன பண்ணோணும்?"

மோகன்ராஜ் சுத்தியலைக் கீழே வைத்தான். "கட்டிலுக்கு அடியில செவப்பா ஒரு வால்வு இருக்குதுங்கக்கா. பொழுதெறங்கையில அதத் திறந்து, கொழாயில நிக்கற தண்ணிய வெளிய உட்டுருங்க. காத்தால..."

"எனக்கு அதெல்லாம் புரியாது. இருங்க தம்பி, அவருகிட்டத் தர்றன்."

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. கை மாறுகிற சத்தம். பிறகு ஒரு செருமல்.

"சொல்லுங்க" என்றார் மகுடேஸ்வரன்.

மோகன்ராஜ் முதலிலிருந்து சொன்னான். எந்த வால்வு, எந்தப் பக்கம் திருப்புவது, காலையில் ஹீட்டரை எத்தனை நிமிடம் ஓட விடுவது, பம்ப்பை எப்போது போடுவது என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னான். அவர் நடுவில் ஒரு சந்தேகம் கேட்டார். அதற்கும் சொன்னான்.

"சரிங்க" என்றார் அவர். போன் துண்டிக்கப்பட்டது; சிக்னல் போனதா, அவரே வைத்தாரா என்று தெரியவில்லை.

மோகன்ராஜ் போனைப் பையில் போட்டுவிட்டுச் சுத்தியலை எடுத்தான். "ஆருங்க மோகனு?" என்று கேட்டார் அய்யாசாமி. "மலையில இருந்துங்க" என்று அவர் காதுக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்லிவிட்டு, பலகையின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னான்.